வெற்றியினும் வழியே பெரிது

உலகம் தன் வீரர்களைப் பெரும்பாலும் வெற்றியைக் கொண்டே அளந்து பார்க்கிறது. எந்தச் சிகரத்தின் மீது எவன் முதலில் அடி வைத்தான் என்று கேட்பார் ஆயிரம் பேர். அவன் எவ்வழியில் சென்று அதை அடைந்தான் என்று கேட்பார் ஒருவர் இருவரே. இந்த இரண்டாவது கேள்வியையே தன் வாழ்நாள் முழுவதும் கேட்டு, அதற்குத் தன் உடலாலும் உயிராலும் விடை கூறிச் சென்றவன் ஆஸ்திரிய தேசத்துப் பாறையேறி பால் பிராய்ஸ். 1913-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி, தன் இருபத்தேழாவது வயதில், துணையின்றி ஏறிய ஒரு பாறை முகட்டிலிருந்து வீழ்ந்து அவன் மாண்டான். நூறாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. எனினும் ஐரோப்பாவில் பாறை ஏறுவோர் கூடும் இடங்களில் அவன் பெயர் மரியாதையுடன் உச்சரிக்கப்படுகிறது. அவன் எழுப்பிய வாதமும் ஓயவில்லை. அவ்வரலாற்றை நமது வாசகர்கள் அறிந்துகொள்வது பயனுடையது என்று கருதி ஈண்டு எழுதத் துணிகிறோம்.

பிராய்ஸ் 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் தேதி, ஏரியும் மலையும் சூழ்ந்த ஆல்ட்டவுஸ்ஸே என்னும் சிற்றூரில் பிறந்தான். தந்தை ஹங்கேரி நாட்டு யூத குலத்தில் தோன்றிய சங்கீத ஆசிரியர். தாயார் அல்ஸேஸ் பிரதேசத்தைச் சேர்ந்தவர். குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதத்தை ஒத்த நோய் ஒன்று தாக்கி, அவன் சில காலம் நடக்கவும் வலியற்றுச் சக்கர நாற்காலியில் காலங்கழிக்க நேர்ந்தது. பத்து வயதில் தந்தையும் மறைந்தார். பிற்காலத்தில் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் செங்குத்தான சுவர்களில் எவரும் வியக்க ஏறிய கால்கள், ஒரு காலத்தில் தரையில் நிற்கவும் இயலாதிருந்த கால்களே என்பதை நாம் மறக்கலாகாது. தேகப்பயிற்சியாலும், ஊரைச் சுற்றியிருந்த குன்றுகளில் ஓயாது அலைந்ததாலும் அவன் தன் உடலை மீட்டுக்கொண்டான். ஒற்றைக் கையால் தன் முழு உடலையும் உயர்த்திப் பழகுவது அவனுடைய நித்தியப் பயிற்சிகளுள் ஒன்று.

கல்வியிலும் அவன் பின்தங்கியவனல்லன். வியன்னாவில் தாவர சாஸ்திரம் பயின்று, பின்னர் மியூனிக் நகரில் 1912-ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றான். உற்சாகமான பேச்சும், இனிய சுபாவமும், சபையைக் கவரும் சொல்வன்மையும் உடையவன். மலையேற்றத்தைப் பற்றி அவன் நிகழ்த்திய பிரசங்கங்களைக் கேட்கப் பல நகரங்களில் ஜனங்கள் திரண்டனர். அவனது குறுகிய வாழ்நாளில் சுமார் 1,200 ஏற்றங்களைச் செய்தான் என்றும், அவற்றில் 300 துணையின்றித் தனியாகச் செய்தவை என்றும், 150 அதற்கு முன் எவரும் செல்லாத புதுவழிகள் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அவன் புகழ் நிலைபெற்ற ஆண்டு 1911. அவ்வாண்டு ஜூலை மாதத்தில், ‘கட்டுக்கடங்காப் பேரரசன்’ எனப் பொருள்படும் பெயருடைய வைல்டர் கைஸர் மலையில், டோட்டன்கிர்க்ல் என்னும் சிகரத்தின் மேற்குச் சுவரைத் தன்னந்தனியாக ஏறினான். அதே மாதம் 28-ஆம் தேதி பிரெண்டா மலைக்கூட்டத்தில் அவன் செய்த காரியம் இன்னும் பெரிது. அங்கே காம்பனீலே பாஸோ என்றொரு பாறைக் கோபுரம் உண்டு. அப்பிரதேசம் அக்காலத்தில் ஆஸ்திரியாவின் ஆட்சியில் இருந்தது. இன்று இத்தாலியைச் சேர்ந்தது. நாற்புறமும் செங்குத்தாக நிற்கும் அக்கோபுரத்தின் உச்சியை மனிதன் முதன்முதல் அடைந்ததே 1899-ஆம் ஆண்டில்தான். அதன் கிழக்குச் சுவரோ எவரும் தீண்டாதது. பிராய்ஸின் சகோதரி மீனாவும், பின்னர் அவளை மணந்த நண்பர் பால் ரெல்லியும் உடன் வந்திருந்தனர். அவர்களை நிறுத்திவிட்டு, கயிறுமின்றி, ஆணியுமின்றி, அதற்கு முன் ஒரு மனிதனும் கைவைத்தறியாத அச்சுவரில் அவன் ஏறினான். கைவிரலும் கால்விரலும் பற்றிய சிறு விளிம்புகளேயன்றி அவனுக்கும் பாதாளத்துக்கும் இடையே யாதொன்றும் இல்லை. சுமார் இரண்டு மணி நேரத்தில் உச்சியை அடைந்தான்.

இத்துணிவைக் கேட்போர் அவனை உயிரை மதியாத முரடன் என்று எண்ணக்கூடும். உண்மை நேர்மாறானது. இதனை விளக்க அக்காலத்து நிலையைச் சிறிது கூறல் வேண்டும்.

1910-ஆம் ஆண்டையொட்டிப் பாறையேற்றத்தில் பெரியதொரு மாறுதல் தோன்றியது. ஹான்ஸ் பீக்டல் என்பவர் தலையில் துவாரமுள்ள புதுவகை இரும்பு ஆணியைச் செய்தார். ஆட்டோ ஹெர்ஸாக் என்பவர் தீயணைப்புப் படையினர் கையாண்ட கொக்கி வளையத்தைப் பாறையேற்றத்துக்குக் கொண்டுவந்தார். பாறை வெடிப்பில் ஆணியை அறைந்து, அதில் வளையத்தை மாட்டி, வளையத்தினூடே கயிற்றைச் செலுத்திவிட்டால், வீழ்பவனைக் கயிறு தாங்கும். ஏற இயலாத இடத்தில் அதையே பிடித்துத் தொங்கியும் கடக்கலாம். ஹான்ஸ் டூல்பர் முதலிய திறமைசாலிகள் இவற்றைக் கொண்டு, அதுவரை அசாத்தியம் எனப்பட்ட சுவர்களை வென்றார்கள். இளைஞர் யாவரும் சுத்தியலையும் ஆணிகளையும் இடுப்பில் கட்டிப் புறப்பட்டனர்.

இவ்வெள்ளத்துக்கு எதிராக நின்ற ஒருவன் பிராய்ஸ். 1911-ஆம் ஆண்டில் ஜெர்மன் மலையேற்றப் பத்திரிகை ஒன்றில், செயற்கைச் சாதனங்களைக் குறித்து அவன் ஒரு கட்டுரை வெளியிட்டான். அது பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. டோலமைட் மலைகளின் புகழ்பெற்ற வழிகாட்டியும் பிராய்ஸின் நண்பருமான தீட்டா பியாஸ் மறுப்பு எழுதினார். மற்றும் பலர் இருபுறமும் சேர்ந்தனர். சரித்திரத்தில் ‘ஆணிச் சண்டை’ என்று பெயர் பெற்ற இவ்விவாதத்தின் முடிவில், 1912-ஆம் ஆண்டு மியூனிக் நகரில் மலையேறிகள் கூடி வாதித்தனர்.

பிராய்ஸ் தன் கொள்கையை ஆறு விதிகளாக வகுத்தான். எடுத்துக்கொண்ட ஏற்றத்துக்கு ஒருவன் சமமானவனாக இருத்தல் போதாது, அதற்கு மேம்பட்டவனாகவே இருத்தல் வேண்டும் என்பது முதல் விதி. எவ்வளவு கடினமான இடத்தில் பத்திரமாக இறங்க முடியுமோ அவ்வளவுக்கு மேல் ஏறலாகாது என்பது இரண்டாவது. உயிருக்கு நேரே அபாயம் நேர்ந்தாலன்றிச் செயற்கைச் சாதனத்தை நாடலாகாது. ஆணி ஆபத்துக்கு வைத்திருக்கும் சேமிப்பேயன்றி ஏற்ற முறைக்கு ஆதாரமன்று. கயிறு உதவியாக இருக்கலாம், அதுவின்றி ஏற்றமே இல்லை என்ற நிலை கூடாது என்பவை அடுத்த மூன்று. ஆறாவது விதியே சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. பாதுகாப்பு என்பது உயர்ந்த தர்மங்களுள் ஒன்று. ஆனால் அது தன்னுடைய தகுதியின்மையைக் கருவிகளால் மூடி மறைப்பதன்று, தன் சக்தியைத் தானே நேர்மையாக அளந்தறிந்து அதற்கேற்ப நடப்பதே ஆகும் என்று அவன் முடித்தான்.

இவ்விதிகளைச் சிந்தித்துப் பார்த்தால், இவை முரடனுடைய விதிகள் அல்ல என்பது விளங்கும். இவை அடக்கத்தின் விதிகள். மலையைத் தன் அளவுக்குத் தாழ்த்தாதே, உன்னை மலையின் அளவுக்கு உயர்த்திக்கொள், அது இயலாவிடில் வணங்கித் திரும்பு என்பதே இவற்றின் சாரம். சிகரத்தை எப்படியேனும் அடைந்துவிட வேண்டுமென்பவன், தன்னை வெல்லாமலே சிகரத்தை வென்றதாக மகிழ்கிறான். அம்மகிழ்ச்சியைப் பிராய்ஸ் வேண்டாமென்றான்.

எதிர்த்தவர்களின் வாதத்தையும் நாம் நியாயமாக எடுத்துரைத்தல் வேண்டும். மலைக்குச் செல்பவன் தனிமனிதன் மட்டுமல்லன். அவனுக்குத் தாயும் மனைவியும் மக்களும் உண்டு. ஓர் ஆணி ஓர் உயிரைக் காக்குமாயின் அதை மறுப்பது கொள்கையன்று, பிடிவாதமே என்று அவர்கள் கூறினர். இதில் உண்மையில்லை என்று எவர் சொல்ல முடியும்? மற்றவர்கள் தத்தம் மனச்சாட்சிப்படி நடக்கும் உரிமையைப் பிராய்ஸ் மறுத்தானில்லை. ஆனால் தன் விதியைத் தானே தளர்த்திக்கொள்ளவும் அவன் இசையவில்லை. வாதித்த இருதரப்பினரும் நண்பர்களாகவே இருந்தனர் என்பது அக்கூட்டத்தின் பெருமை.

1912-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி, மோன் பிளான் மலையின் இத்தாலியப் பக்கத்தில், அவன் கண்ணெதிரே ஒரு கோரம் நிகழ்ந்தது. வேல்ஸ் நாட்டு ரசாயன சாஸ்திரி ஹம்ப்ரி ஓவன் ஜோன்ஸும், மணமாகி இரு வாரங்களே ஆன அவர் மனைவி மூரியலும், வழிகாட்டி ஒருவரும் ஒரே கயிற்றில் பிணைந்து ஏறினர். பிராய்ஸ் கயிற்றில் சேராமல் முன்னே சென்று வழி பார்த்துக்கொண்டிருந்தான். வழிகாட்டி பற்றிய பாறை பெயர்ந்தது. அவர் ஜோன்ஸின் மேல் வீழ, மூவரும் பாதாளத்தில் மறைந்தனர். கயிற்றில் இல்லாத பிராய்ஸ் ஒருவனே பிழைத்தான். தன் கொள்கைக்கு மலையே சாட்சி கூறியதாக வேறொருவன் பெருமை பேசியிருக்கலாம். அவனோ மூன்று நண்பர்களைப் பறிகொடுத்த துயரத்தையே சுமந்து வந்தான்.

ஓராண்டு கழிந்தது. தன் பிறந்த ஊருக்கு அண்மையிலுள்ள கோஸவுகாம் மலையில், மண்டில்கோகல் சிகரத்தின் வட முகட்டை, எவரும் ஏறாத அவ்வழியை, அவன் தனியாக ஏறச் சென்றான். திரும்பவில்லை. தேடிச் சென்றவர்கள் பல நாட்கள் கழித்து, புதுப்பனியின் கீழ்ப் புதைந்திருந்த அவன் உடலைக் கண்டனர். சுமார் ஆயிரம் அடி வீழ்ந்திருந்தான். வீழ்ச்சியைக் கண்ட சாட்சி எவருமில்லை. ஆல்ட்டவுஸ்ஸேயில் அவனை அடக்கம் செய்தனர்.

அவனுடன் கயிற்றைப் பகிர்ந்தவர்களும், பத்திரிகைகளில் அவனுடன் மல்லாடியவர்களும் ஒருசேரத் துக்கித்தனர். அத்துயரத்தினூடே ஒரு கேள்வியும் எழுந்தது. ஆணியை மறுத்தவன் வீழ்ந்து மாண்டான். ஆகவே அவன் கொள்கையும் வீழ்ந்தது என்றனர் சிலர். இவ்வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஆணியையும் கயிற்றையும் நம்பியவர்களும் மலைகளில் மாண்டிருக்கிறார்கள். அதனால் ஆணி பொய்யென்று எவரும் சொல்வதில்லை. ஒரு கொள்கை உண்மையா பொய்யா என்பதை அதைக் கைக்கொண்டவனின் ஆயுளைக் கொண்டு அளப்பது அறிவுடைமையாகாது. அவனோடு வாதித்த தலைமுறையும் நெடுநாள் வாழவில்லை. டூல்பர் 1915-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துப் போர்முனையில் குண்டுபட்டு இறந்தார்.

பிராய்ஸின் உடல் வீழ்ந்ததை விட வருந்தத்தக்கது, அவன் நினைவுக்கு நேர்ந்த கதி. யுத்தத்துக்குப் பின் ஆல்ப்ஸ் மலைச் சங்கங்களில் ஜாதித் துவேஷம் புகுந்தது. 1921-ஆம் ஆண்டில் வியன்னாவின் முக்கியக் கிளையொன்று யூதர்களுக்கு இடமில்லை என விதி செய்தது. யூதர்களும் அவர்களுடைய நண்பர்களும் கூடி அமைத்த டோனாவ்லாண்ட் என்னும் கிளை 1924-ஆம் ஆண்டில் சங்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. பிராய்ஸ் 1909-ஆம் ஆண்டிலேயே கிறிஸ்தவ மதத்தைத் தழுவியவன். ஆயினும் தந்தையின் குலத்தைக் காரணமாக்கி, நாஜி ஆட்சிக் காலத்தில் அவன் பெயரை மறைத்தார்கள். பாறை எவனுடைய குலத்தையும் விசாரிப்பதில்லை. பற்றும் கைக்கு வலிமை உண்டா என்பதையே கேட்கிறது. மனிதன் கட்டிய சங்கம் அதற்கும் தாழ்ந்து போயிற்று. கோயில் வாசலிலும் குளத்தங்கரையிலும் குலங்கேட்ட வழக்கத்தை எதிர்த்துப் போராடிய நாட்டினராகிய நமக்கு இக்கொடுமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

ஆனால் உண்மையை நெடுநாள் புதைத்து வைக்க இயலாது. கருவிகள் பெருகப் பெருக, அவற்றின் விளைவும் வெளிப்பட்டது. பாறையைத் துளைத்து ஆணியை இறக்கும் வழக்கம் பரவிற்று. 1970-ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் செர்ரோ தோர்ரே சிகரத்தில், இத்தாலியர் ஒருவர் இயந்திரத்தைத் தூக்கிச் சென்று நூற்றுக்கணக்கான துளைகளைக் குடைந்து ஆணி இறக்கினார். எந்தச் சுவரையும் எவனும் துளைத்து ஏறலாமெனின், ஏற்றம் என்பதற்கே பொருள் யாது? இக்கேள்வியை 1968-ஆம் ஆண்டிலேயே ரெய்ன்ஹோல்ட் மெஸ்னர் எழுப்பி, பிராய்ஸின் கொள்கைக்குப் புத்துயிர் அளித்தார். அதே மெஸ்னர் 1978-ஆம் ஆண்டில் பீட்டர் ஹாபெலருடன் பிராணவாயுக் குப்பியின்றி எவரெஸ்ட் சிகரத்தை அடைந்தார். பிராய்ஸின் வாழ்க்கையைப் பற்றி நூலும் எழுதினார். 2013-ஆம் ஆண்டில், பிராய்ஸ் மறைந்து நூறாண்டு நிறைந்தபோது, அவன் பெயரால் ஏற்பட்ட பரிசு முதலில் மெஸ்னருக்கே வழங்கப்பட்டது. மறைக்கப்பட்ட பெயர் மீண்டும் மரியாதை பெற்றது.

சாதனம் பெரிதா, இலட்சியம் பெரிதா என்ற விவாதம் நம் நாட்டினருக்குப் புதிதன்று. பிராய்ஸ் தன் விதிகளை எழுதுவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1909-ஆம் ஆண்டில், விதை எவ்வாறோ மரமும் அவ்வாறே, வழி எவ்வாறோ அடையும் பயனும் அவ்வாறே என்னும் கருத்தை மகாத்மா காந்தி தமது ‘ஹிந்து ஸ்வராஜ்யம்’ என்னும் நூலில் விளக்கியிருந்தார். ஒருவரையொருவர் அறியாத இருவர், ஒருவர் தேச விடுதலையிலும் மற்றவன் வெறும் பாறையிலும், ஒரே உண்மையைக் கண்டனர்.

பொது வாழ்வில் இறங்கும் இளைஞர்கள் பிராய்ஸின் துணிவை மட்டும் எடுத்துக்கொண்டு, அவன் கட்டுப்பாட்டை விட்டுவிடலாகாது. துணிவு பலரிடம் உண்டு. எடுத்த காரியத்துக்குத் தன்னை மேம்பட்டவனாக்கிக்கொள்ளும் பயிற்சியும், தகுதியில்லாத இடத்தில் திரும்பிவரும் நேர்மையும், குறுக்கு வழியில் கிடைக்கும் வெற்றியை வேண்டாமென்று தள்ளும் மனத்திண்மையும் சிலரிடமே உண்டு. பணத்தாலோ பொய்யாலோ அச்சுறுத்தலாலோ பதவியின் உச்சியை எட்டுகிறவன், பாறையைத் துளைத்து ஆணியில் தொங்கி ஏறியவனுக்கு ஒப்பானவன். உச்சியில் நிற்பது அவனே. ஆனால் ஏறியது அவனல்ல, ஆணி. இத்தகைய ஏற்றத்தைப் பிராய்ஸ் ஏற்றமென்றே கொண்டதில்லை. நாமும் கொள்ளாதிருப்போமாக.