கடலின் நீலமும் கரணையின் நாதமும்: சர் சி. வி. இராமன்

கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேளாத குழந்தை இல்லை. விடை தெரியாமலே வளர்ந்து, கேள்வியையும் மறந்துவிட்ட பெரியவர்களோ கணக்கில் அடங்கார். கடலுக்கு நிறத்தை அடைமொழியாகத் தந்து பாடிய புலவர் தமிழில் மிகப் பலர். அந்நிறம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்வது அவர்தம் தொழில் அன்று. அதனைத் தம் தொழிலாகக் கொண்டவர் சந்திரசேகர வெங்கட இராமன். நோபல் பரிசு பெற்ற முதல் இந்திய அறிவியலார் என்ற ஒற்றை வரியில் பாடநூல்கள் அவரை அடக்கிவிட்டன. நீரில் துளி விழும் ஓசை, வீணையின் குதிரை, மிருதங்கத்தின் கறுப்பு வட்டம், ரோஜாவின் செம்மை என எவர் கண்ணிலும் செவியிலும் படும் பொருள்களைப் பற்றியே அறுபது ஆண்டுகளுக்கு மேல் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அந்த வரிக்குள் அகப்படுவதில்லை.

இராமன் 1888 நவம்பர் 7-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர். தாய் பார்வதி அம்மாள். தந்தையார் கணிதமும் இயற்பியலும் கற்பிக்கும் விரிவுரையாளராக விசாகப்பட்டினம் சென்றதால் மகனின் இளமை கடற்கரை நகரிலேயே கழிந்தது. 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது மிகச் சிறிய பையனாக இருந்தமையால், வழிதவறி வகுப்புக்குள் வந்துவிட்டவனோ என்று ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் ஐயுற்றதாகக் கூறுவர். 1904-இல் இளங்கலையில் முதலிடமும் இயற்பியலுக்கான தங்கப் பதக்கமும் பெற்றார்.

மாநிலக் கல்லூரி ஆய்வகத்தில் முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பது மாணவர் அனைவரும் செய்யும் வழக்கமான பயிற்சி. அப்பயிற்சியின்போது ஒளியின் ஓரத்தில் ஒழுங்கற்ற பட்டைகள் சில தோன்றுவதை இராமன் கண்டார். மற்றவர்களும் கண்டிருக்கக் கூடும். கணக்கிற்குத் தேவையற்றவை என்று விட்டிருக்கவும் கூடும். அவர் விடவில்லை. அப்பட்டைகளைப் பற்றிய அவருடைய முதல் கட்டுரை 1906-இல் இலண்டனின் ‘பிலசாபிக்கல் மேகசின்’ இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 18.

இங்கிலாந்து சென்று ஐ.சி.எஸ். எழுதியிருக்க வேண்டியவர். அந்நாட்டுக் குளிரை அவ்வுடல் தாங்காது என்று சென்னை மருத்துவ அதிகாரி தடுத்துவிட்டார். அத்தடை இந்திய அறிவியலுக்கு வந்த நற்பேறு எனலாம். நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, லோகசுந்தரியை மணந்து, 1907-இல் உதவிக் கணக்காயராகக் கல்கத்தா சேர்ந்தார். லோகசுந்தரி அம்மையார் வீணை வாசிப்பவர். இச்செய்தி பின்னர்ப் பயன்படும்.

கல்கத்தாவில் டிராம் வண்டியில் செல்கையில் பௌபஜார் தெரு 210-ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. 1876-இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் அது. கருவிகள் இருந்தன, அவற்றைத் தொடுவார் இல்லை. கதவைத் திறந்துவிட்டவர் ஆசுதோஷ் டே என்னும் ஊழியர். அலுவலகத்திற்கு முன்னும் பின்னும், காலையிலும் இரவிலும் இராமன் அங்கே உழைத்தார். கல்லூரிப் படிப்பில்லாத ஆசு பாபு அவர் வலக்கையானார். இருவர் பெயரும் சேர்ந்து கட்டுரைகளில் அச்சாயின. அவற்றுள் ஒன்று, 1920-இல் வந்தது, நீரில் ஒரு பொருள் விழும்போது எழும் ஓசையைப் பற்றியது. கிணற்றில் கல்லெறிந்து காது கொடுத்துக் கேட்ட எவரும் அந்தக் கேள்வியின் வாயில்வரை வந்தவரே. நீருக்குள் அகப்பட்ட காற்றுக் குமிழியே அவ்வோசையின் மூலம் என்பது நிலைபெற்ற பின்னும், சொட்டும் குழாயின் ஒலி நீர்ப்பரப்பைக் கடந்து காற்றில் எவ்வாறு வருகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவின் துணையால் விளக்கியது 2018-இல்தான். எளிய கேள்விகளுக்கு எளிய ஆயுள் இருப்பதில்லை.

இசைக்கருவிகளைப் பற்றிய அவருடைய ஆய்வுகள் தமிழ்நாட்டார் தனியே போற்றத்தக்கவை. 1909-இலேயே ஏக்தாராவைப் பற்றி எழுதினார். பின்னர் வயலினை ஆராய்ந்தார். மனிதக் கை ஒருபோதும் ஒரே அழுத்தத்தில் வில்லை இழுக்காது என்பதால் வயலின் வாசிக்கும் இயந்திரம் ஒன்றையே அமைத்தார். வீட்டில் இருந்த வீணை அவருக்கு வேறொரு புதிரைத் தந்தது. கம்பியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அப்புள்ளியில் அசைவற்றிருக்க வேண்டிய மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது மேலைநாட்டு ஒலியியல் கண்ட விதி. வீணையிலும் தம்பூராவிலும் அச்சுரங்களும் எழுகின்றன. காரணம் குதிரையின் வளைந்த மேற்பரப்பு. கம்பி அதன்மேல் கூர்மையாக முடியாமல் தழுவிச் சென்று, அதிரும்போதெல்லாம் அப்பரப்பைத் தொட்டுத் தொட்டு மீள்கிறது. தம்பூராவில் கம்பிக்கும் குதிரைக்கும் இடையே இடும் சிறு நூலைச் சற்றே நகர்த்தினால் நாதம் உயிர் பெறுவதும் இதனாலேயே. அந்நூலுக்கு ஜீவா என்று பெயரிட்டவருக்கு இயற்பியல் தெரியாது, செவி தெரிந்திருந்தது.

மிருதங்க ஆய்வு இதனினும் வியப்பானது. இழுத்துக் கட்டிய வெறுந்தோலை அடித்தால் எழும் மேலொலிகள் அடிப்படை ஒலிக்கு 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். ஆகவே முழவிலிருந்து எழுவது ஓசையே, சுரம் அன்று என்பது ஐரோப்பியர் முடிபு. மிருதங்கத்தின் வலந்தலையோ சுருதி சேர்ந்து பாடகரோடு ஒத்துப் பாடுகிறது. அத்தோலின் நடுவே, கல்லை இடித்த பொடியும் சோறும் பிசைந்து படலம் படலமாகத் தேய்த்து ஏற்றப்படும் கறுப்பு வட்டத்தில் இரகசியம் இருந்தது. கரணை என்றும் சோறு என்றும் வழங்கும் அவ்வட்டம், நடுவில் எடையைக் கூட்டி, சிதறிய மேலொலிகளை 1, 2, 3, 4, 5 என்னும் முழு எண் மடங்குகளுக்கு இழுத்து வந்துவிடுகிறது. ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுரங்களுக்குள் ஒடுங்குகின்றன. தோலின்மேல் நுண்மணல் தூவி, அது எந்தக் கோடுகளில் ஒதுங்கி நிற்கிறது என்று பார்த்தே இராமன் இதனைக் கண்டறிந்தார். சிவகாளி குமாருடன் இணைந்து 1920-இல் ‘நேச்சர்’ இதழில் முதலிலும், 1934-இல் விரிவாகவும் எழுதினார்.

இக்கணக்கைக் கையாலேயே தீர்த்து வைத்தவர்கள் தோல் பதனிட்டு, மாட்டு வாரால் இழுத்துக் கட்டும் கைவினைஞர்கள். பல தலைமுறைகளாகச் சபைகளின் மேடைகளில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை. இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் அவர்களைப் பற்றி ஒரு முழுநூல் எழுதினார். அவர்கள் தோலில் எழுதி வைத்த விடையை இராமன் கணிதத்தில் படித்தார் என்று சொல்வது அவருக்குக் குறைவாகாது. நம்மவர் கருவி என்ற பெருமிதத்தோடு நில்லாமல், அக்கருவி உலக இயற்பியலின் ஒரு முடிபைத் திருத்தியது என்று நிறுவியதே அவர் செய்த தொண்டு.

1917-இல் பெரும் சம்பளம் தந்த அரசுப் பதவியைத் துறந்து, ஏறத்தாழப் பாதி ஊதியத்திற்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் ஆனார். அப்பதவிக்குரியவர் வெளிநாட்டில் பயிற்சி பெற வேண்டும் என்ற விதியை ஏற்க மறுத்து, அதனைத் தளர்த்தச் செய்த பின்னரே சேர்ந்தார்.

முதன்முறையாகக் கடல் கடந்தது 1921-இல், ஆக்ஸ்போர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டிற்காக. இலண்டன் புனித பவுல் பேராலயத்தின் வட்ட மாடத்தில் ஒருவர் சுவரோரம் கிசுகிசுத்தால் எதிர்ப்புறம் தெளிவாகக் கேட்கும் புதுமையை அங்கேயே ஆராய்ந்தார். திரும்பும் வழியில், ‘நர்குண்டா’ கப்பலின் மேல்தளத்தில் நின்று நடுநிலக்கடலைப் பார்த்தார். கடலின் நீலம் வானத்தின் எதிரொளிப்பே என்பது ராலே பிரபுவின் கருத்து. அறிவியல் உலகம் அதனை ஐயமின்றி ஏற்றிருந்தது. இராமனிடம் சிறு நிக்கல் பட்டகம் ஒன்று இருந்தது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியைக் குறிப்பிட்ட கோணத்தில் அக்கருவி மறைத்துவிடும். வானத்தின் எதிரொளியை அவ்வாறு மறைத்துவிட்டு நோக்கினார். நீலம் மறையவில்லை, இன்னும் ஆழ்ந்து தெரிந்தது. அப்படியானால் நிறம் நீருக்குள்ளிருந்தே வருகிறது. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்று எழுதி, கப்பல் பம்பாய்த் துறைமுகம் அடைந்தவுடன் ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் அனுப்பினார். தண்ணீர் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்வதும், எஞ்சிய நீலத்தைச் சிதறல் மேலே திருப்பி அனுப்புவதும் சேர்ந்தே கடலின் நிறம் ஆகின்றன என்பது இன்றைய தெளிவு.

அக்கேள்வி அவரை விடவில்லை. திரவங்களில் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்று ஏழு ஆண்டுகள் தொடர்ந்தார். 1923-இல் மாணவர் கே. ஆர். இராமநாதன், சிதறிய ஒளியில் நிறம் மாறிய மெல்லிய சுவடு ஒன்றைக் கண்டார். தூய்மையின்மையால் வந்தது என்றே அது கருதப்பட்டது. எத்தனை முறை வடித்துத் தூய்மை செய்தும் சுவடு மறையவில்லை. 1928 பிப்ரவரி 28-இல் அது புதிய விளைவு என்பது உறுதியாயிற்று. ஒளி மூலக்கூறுக்குத் தன் ஆற்றலில் சிறிது கொடுத்தோ அதனிடமிருந்து பெற்றோ நிறம் மாறி வெளிவருகிறது. சூரிய ஒளி, வண்ணக் கண்ணாடிகள், சிறு நிறமாலைக் கருவி ஆகியவையே தொடக்கச் சோதனையின் தளவாடம். 1930-இல் நோபல் பரிசு வந்தது. 1987 முதல் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அச்சோதனைகளில் இரவு பகலாக உடன் நின்றவர் திருவில்லிபுத்தூரை அடுத்த வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். அவர் பயின்றது, அந்நாளில் பாரிமுனையில் இருந்து 1937-இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி. அங்கேயே செய்முறை ஆசிரியராக இருந்தபோது, நண்பகல் உணவு வேளையில் மாணவர் எக்கேள்வி கேட்டாலும் விடையளிக்கும் கூட்டங்களை நடத்தியவர் அவர். முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தன. பரிசு இராமன் ஒருவருக்கே வந்தது. விளைவின் பெயரிலும் கிருஷ்ணன் இல்லை. கிருஷ்ணன் அதுபற்றிக் குறைபட்டுக்கொண்டவர் அல்லர். ஆயினும் தமிழர் அவ்விருவரையும் சேர்த்தே நினைப்பது நேர்மை.

1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். அவ்வாண்டிலேயே கமலா பாகவத் என்னும் மாணவி ஆய்வுக்கு விண்ணப்பித்தார். தகுதி இருந்தும், பெண் என்பதால் இராமன் மறுத்தார். அம்மாணவி அறவழியில் விடாது வாதாடவே, ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு இடமளித்தார். கமலா சோஹோனி என்று பின்னர் அறியப்பட்ட அவர் 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். கேள்வி கேட்கும் உரிமை எல்லோர்க்கும் பொது என்று வாழ்ந்து காட்டியவர், தம் ஆய்வகத்தின் கதவை ஒரு பெண்ணுக்கு அரைகுறையாகவே திறந்தார் என்பதைப் புகழ்மாலைகள் விட்டுவிடுகின்றன. பிற்காலத்தில் அவரிடம் பணிசெய்த பெண்களுள் அன்னா மணி மாணிக்கத்தையும் வைரத்தையும் ஆராய்ந்து பல கட்டுரைகள் எழுதியும், முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டார். அன்னா மணியே பின்னாளில் இந்திய வானிலையியலின் தூண்களுள் ஒருவரானார்.

இயக்குநர் பதவியில் பூசல்கள் மிகுந்து 1937-இல் அதிலிருந்து விலகினார். பேராசிரியராக 1948 வரை இருந்தார். பின்னர்த் தாமே எழுப்பிய இராமன் ஆய்வு நிறுவனத்தில் ரோஜாத் தோட்டமும் வைரமும் சிப்பியும் பறவை இறகுகளும் அவர் சுற்றமாயின. முதுமையில் கண் நிறங்களை உணரும் வகையைப் பற்றிப் பெருநூல் ஒன்றை 1968-இல் வெளியிட்டார். நிறுவப்பட்ட கொள்கையை மறுத்த அந்நூலை அறிவியலார் ஏற்கவில்லை. பிடிவாதம் வெற்றியும் தந்தது, தோல்வியும் தந்தது.

வானொலியில் பாமர மக்களுக்காக அவர் ஆற்றிய உரைகள் 1951-இல் நூலாயின. அவற்றுள் தண்ணீரைப் பற்றிய உரை தலைசிறந்தது. நைல் ஆறு பாலைவனத்தில் விளைவித்த மாற்றத்தில் தொடங்கி, தென்னிந்தியக் கிராமங்களின் மழைநீர் ஏரிகளுக்கு வருகிறார். அவை பராமரிப்பின்றிக் கைவிடப்படுவதை வருந்திச் சொல்கிறார். ஏரியில் ஆழம் குறைவாயினும் அடித்தரை ஏன் தெரிவதில்லை என்ற புதிரையும் அங்கேயே அவிழ்க்கிறார்: நீரில் மிதக்கும் வண்டல் ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மாடம்பாக்கம் ஏரி நிரம்பிக் கிடக்கும் கார்த்திகை மாலையில் கரைமேல் நடப்போர், அந்நீர் கடலைப் போல் நீலமாக இல்லாமல் செம்மண் கலந்த நிறமாகத் தோன்றுவதன் காரணத்தை அவ்வுரையிலேயே காணலாம். நடுக்கடலில் மூலக்கூறு செய்யும் தொழிலை இங்கே மண்துகள் செய்கிறது. துகள் பெரிதாகையால் நீலத்தைத் தனியே பிரித்தெடுப்பதில்லை.

1954-இல் பாரத ரத்னா விருது பெற்றார். ஆண்டுதோறும் அக்டோபர் 2-இல் தம் நிறுவனத்தில் காந்தி நினைவுச் சொற்பொழிவு ஆற்றுவது அவர் வழக்கம். 1970-இல், 82-ஆம் வயது நெருங்குகையில் ஆற்றிய கடைசிச் சொற்பொழிவு உட்செவியைப் பற்றியது. ஒலியைச் செவி எவ்வாறு உணர்கிறது என்பது அவ்வாண்டு அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. நவம்பர் 21-ஆம் நாள் காலை மறைந்தார். அவர் விருப்பப்படியே நிறுவனத் தோட்டத்தில் எரியூட்டினர். அவ்விடத்தில் சிலை வைக்கவில்லை. ஒரு மரம் நட்டார்கள்.