வாசலில் வந்து நின்ற தாய்: அஸ்மா (ரலி) வாழ்வு தரும் பாடம்



சிறு வயதில் அத்தா, அம்மாவை நாம் மனிதர்களாகப் பார்ப்பதில்லை. சோறு போடும் கை, காசு தரும் கை என்றே பார்க்கிறோம். அவர்களுக்கும் அச்சம் உண்டு, தேவை உண்டு, சறுக்கல் உண்டு என்பது பிறகுதான் விளங்குகிறது. விளங்கிய பின் நாம் எப்படி நடக்கிறோம்? அஸ்மா பின்த் அபீபக்ர் (ரலி) அவர்களைப் பாருங்கள்.

கி.பி. 622இல் அபூபக்ர் (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் ஹிஜ்ரத் புறப்பட்டபோது, கையிலிருந்த ஐந்தாறாயிரம் திர்ஹங்களையும் எடுத்துச் சென்றார்கள். பார்வையிழந்த பாட்டனார் அபூகுஹாஃபா வந்து, பிள்ளைகளை ஒன்றுமில்லாமல் விட்டுவிட்டுப் போய்விட்டாரோ என வருந்தினார். அஸ்மா (ரலி) அவர்கள் பணம் வைக்கும் மாடத்தில் கற்களை வைத்து, துணியால் மூடி, பாட்டனாரின் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார்கள். முதியவரின் மனம் ஆறியது. தந்தையின் நெருக்கடியும் பாட்டனாரின் கவலையும் அந்த மகளுக்குப் புரிந்திருந்தன.

அவர்களின் தாயார் குதைலா. அபூபக்ர் (ரலி) அவர்கள் அவரை அறியாமைக் காலத்திலேயே தலாக் சொல்லியிருந்தார்கள். ஹுதைபிய்யா உடன்படிக்கைக் காலத்தில் அவர் மகளைத் தேடி மதீனா வந்தார். அப்போதும் இணைவைப்பில்தான் இருந்தார். மகளிடம் எதையோ எதிர்பார்த்து வந்திருந்தார். ஒரு பக்கம் ஈமான், மறுபக்கம் பெற்ற வயிறு. அஸ்மா (ரலி) தாமாக முடிவெடுக்காமல் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். தாயோடு உறவைப் பேணுமாறு நபியவர்கள் கூறினார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. முதலில் நீ மாறு, பிறகு உறவு என்ற நிபந்தனை அங்கே இல்லை.

ஹிஜ்ரி 73இல் ஹஜ்ஜாஜின் படை மக்காவை முற்றுகையிட்டிருந்தது. மகன் அப்துல்லாஹ் இப்னு ஜுபைர் (ரலி), பார்வையிழந்து முதுமையின் எல்லையில் இருந்த அந்தத் தாயிடமே வந்தார்கள். இறந்த பின் தம் உடலைச் சிதைப்பார்களோ என்ற அச்சத்தையும் மறைக்காமல் சொன்னார்கள். பெற்றோரைப் புரிந்துகொண்ட ஒரு பெண், பிள்ளை மனம் திறக்கும் தாயாகவும் இருந்தார்கள்.

சகோதரர்களே! கடன்பட்ட அத்தாவைக் குத்திக்காட்டும் பிள்ளைகள் நம் மஹல்லாவில் இல்லையா? பிரிந்துபோன தாயின் போனை எடுக்காதவர்கள் இல்லையா? இன்று ஜும்ஆ முடிந்ததும் அவர்களிடம் போய் உட்காருங்கள். அவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். தீர்ப்புச் சொல்வது நம் வேலையல்ல, பணிவிடை செய்வதே நம் வேலை.

பெற்றோரைப் புரிந்து நடக்கும் பிள்ளைகளாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.