ஜாக் கெரோவாக் ஒளித்து வைத்திருந்த விளையாட்டு

1995 ஒக்டோபர் முடிவில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு நாங்களும் நடந்தோம். பிறகு தங்கியிருந்த பாடசாலையின் வகுப்பறையில், கால் ஆடிய ஒரு மேசையில் நான் தனியாக உதைபந்தாட்டம் விளையாடுவேன். பதினொரு சோடா மூடி இந்தப் பக்கம், பதினொன்று அந்தப் பக்கம், நடுவில் ஒரு சேட் பொத்தான். விரலால் சுண்ட வேண்டும். இரண்டு அணிக்கும் என் விரல்தான். எங்கள் ஒழுங்கையில் என்னோடு விளையாடியவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாததால், மூடிகளுக்கு அவர்களுடைய பெயர்களை வைத்திருந்தேன். பெரியவர்கள் யாராவது வந்தால் எல்லாவற்றையும் ஒரே வழியாக வழித்துச் சட்டைப்பைக்குள் போட்டுவிடுவேன். ஏன் அவ்வளவு வெட்கம் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

ஜாக் கெரோவாக்கைப் பற்றி எழுத வந்தவன் இதிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க எழுத்தாளரான அவர், அதே வெட்கத்தை ஏறத்தாழ ஆயுள் முழுவதும் வைத்திருந்தவர்.

1957இல் வெளிவந்த 'ஒன் த ரோட்' என்ற நாவலால் உலகம் அவரை அறியும். நாடு முழுவதும் கார்களில் அலைவது, ஜாஸ் இசை, விடிய விடியப் பேச்சு, வீடு வாசல் இல்லாத இளைஞர்கள். ஒரு தலைமுறையே அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு முதுகில் பையோடு புறப்பட்டது. அந்த அலைச்சல்காரர், எங்கே போனாலும் திரும்பி வந்து ஒரு மேசையில் தனியாக உட்கார்ந்து, இல்லாத அணிகளுக்கு இடையே பேஸ்போல் போட்டிகளை நடத்திக்கொண்டிருந்தார் என்பது அவருடைய மிக நெருங்கிய எழுத்தாள நண்பர்களுக்குக்கூடப் பெரும்பாலும் தெரியாது. 2009இல் நியூயோர்க் பொது நூலகம் இதைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே வெளியிட்டது. அந்த ஆண்டு எங்களுக்கு வேறு ஆண்டு. நான் இதை அறிந்தது நெடுநாள் கழித்துத்தான்.

1922 மார்ச் 12ஆம் திகதி மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் லோவெல் நகரில் அவர் பிறந்தார். ஆற்றங்கரையில் புடவை ஆலைகள் நிறைந்த தொழிலாளர் நகரம் அது. பெற்றோர் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்த பிரெஞ்சு மொழிக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஞானஸ்நானப் பெயர் ஜோன் லூயி. வீட்டில் பிரெஞ்சுதான். ஆங்கிலம் ஆறு வயதளவில், பாடசாலையில் வந்த மொழி. பின்னாளில் ஆங்கில உரைநடையையே புரட்டிப் போட்டவர், பதின்ம வயது முடியும் வரை அந்த மொழியில் தடுமாறியவர்.

அவருக்கு நான்கு வயதாக இருந்தபோது, 1926இல், அண்ணன் ஜெரார்ட் வாதக் காய்ச்சலால் இறந்தார். ஜெரார்டுக்கு ஒன்பது வயது. தம்பிக்குப் படம் கீறக் காட்டிக் கொடுத்தவரும், பூனைக்கும் குருவிக்கும் இரக்கப்படப் பழக்கியவரும் அண்ணன்தான். அந்த மரணத்தைப் பற்றி முப்பது வருடம் கழித்து ஒரு முழுப் புத்தகம் எழுதினார். முப்பது வருடம் ஒரு பிள்ளையின் சாவைச் சுமப்பது எப்படி என்று இதை வாசிக்கும் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விளையாட்டுகள் அதற்குப் பிந்திய வருடங்களில் வந்தன. முதலில் குதிரைப் பந்தயம். தகப்பன் லியோ அச்சகம் வைத்திருந்தவர், பந்தயத்தில் பிரியமுள்ளவர். மகன் போளைகளைக் குதிரைகளாக்கி உருட்டினார். ரிப்பல்ஷன் என்ற வெற்றிக் குதிரை உண்மையில் ஓர் உருக்குப் பேரிங் குண்டு. ஒவ்வொரு குதிரைக்கும் சொந்தக்காரர், ஓட்டுநர், ஓடுபாதையின் நிலவரம் எல்லாம் உண்டு. அச்சுக்காரர் மகன் என்பதால் பந்தயத்தோடு நிற்கவில்லை. முடிவுகளை வெளியிட ஒரு பத்திரிகையும் தேவைப்பட்டது. கொப்பிகளில் கையாலும் தட்டச்சிலும் தானே தயாரித்தார். படிக்க ஒரே ஒரு வாசகர்.

பிறகு பேஸ்போல். எங்களுடைய கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எறிபவர், அடிப்பவர், ஓட்டம், ஆட்டமிழப்பு எல்லாம் உண்டு. போளை, பல்லுக்குத்தும் குச்சி, அழிறப்பர் என்று கைக்குக் கிடைத்ததை வைத்துத் தொடங்கினார். அணிகளுக்குக் கார்களின் பெயர் அல்லது நிறங்களின் பெயர்: பிட்ஸ்பர்க் பிளிமத், நியூயோர்க் செவி, பொஸ்டன் கிரே. வீரர்கள் வைனோ லவ், வார்பி பெப்பர், ஃபீகஸ் கோடி. யார் எத்தனை அடித்தார், யாருடைய கை தளர்ந்துவிட்டது, யார் சம்பளத்துக்குச் சண்டை பிடிக்கிறார் என்று பக்கம் பக்கமாகக் கணக்கு.

உண்மையான மைதானத்திலும் அவர் கெட்டிக்காரர். அமெரிக்க உதைபந்தாட்டம் (காலால் உதைப்பதைவிடக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதே அதிகமான ஆட்டம்) அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகம் வரை கொண்டு போனது. முதலாம் வருடம், 1940இல், ஓர் ஆட்டத்தில் கால் முறிந்தது. அடுத்த வருடம் படிப்பை விட்டு வெளியேறினார்.

அதற்குள் போர் வந்துவிட்டது. 1942இல் டோர்செஸ்டர் என்ற கப்பலில் சமையலறை வேலைக்குச் சேர்ந்து கிரீன்லாந்து வரை போய்த் திரும்பினார். 1943 பெப்ரவரியில் அதே கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. அறுநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தான் பாத்திரம் கழுவிய கப்பல், தன்னோடு சாப்பிட்ட ஆட்கள். தப்பியதற்கு அவர் செய்த புண்ணியம் எதுவும் இல்லை, அந்தப் பயணத்தில் இல்லை, அவ்வளவுதான். பிறகு கடற்படையில் சேர்ந்தார். மனநிலையைக் காரணம் காட்டி அவர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

லோவெல்லில் அவருக்கு செபஸ்தியன் சம்பாஸ் என்று ஒரு கிரேக்க வம்சாவளி நண்பர் இருந்தார். கவிதை எழுதுபவர். இருவரும் எழுத்தாளர்களாவது என்று பேசி வைத்தவர்கள். செபஸ்தியன் இராணுவத்தில் மருத்துவ உதவியாளராகப் போனார். 1944இல் இத்தாலியின் அன்சியோவில் காயப்பட்டு இறந்தார். இரண்டு வருடத்தில், 1946இல், தகப்பன் வயிற்றுப் புற்றுநோயால் போய்ச் சேர்ந்தார். கடைசி மாதங்களில் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டவர் ஜாக்தான்.

அந்த 1946 அளவில் விளையாட்டு கடதாசிக்கு மாறியிருந்தது. 304 விளையாடும் கடதாசி போல ஒரு கட்டைத் தானே எழுதித் தயாரித்தார். ஒவ்வொரு கடதாசியிலும் ஓர் எறிக்கு என்ன நடக்கும் என்று இருக்கும். கலக்கி எடுக்க வேண்டியதுதான். எறிபவரின் திறமையும் அடிப்பவரின் திறமையும் முடிவை மாற்றும்படி விதிகளைக் காலப்போக்கில் நுணுக்கமாக்கினார். எனக்கு இதில்தான் கண். எல்லாம் தன் கையில் இருந்தும், யார் வெல்வது என்பதை மட்டும் கடதாசியிடம் விட்டார். நானும் மூடிகளில் அதைத்தான் முயன்றேன். எனக்குப் பிடித்த அணிக்கு இரண்டாம் தடவை சுண்டியதும் உண்டு.

1956 கோடையில் வோஷிங்டன் மாநிலத்தின் வடக்கே, கனடா எல்லைக்குக் கிட்டவுள்ள டெசொலேஷன் மலையுச்சியில் காட்டுத்தீ பார்க்கும் வேலை கிடைத்தது. 63 நாட்கள் தனிமை. பௌத்தத்தில் ஊறியிருந்த காலம் அது. தியானம் கைகூடும் என்று நம்பிப் போனார். அங்கே அவருக்கு வாய்த்தது பெரும்பாலும் சலிப்பு. கடதாசிகளை எடுத்து அணிகளை இறக்கினார். 34 வயது மனிதர், மலைக்குடிசையில், முகிலுக்கு மேலே, பேஸ்போல் நடத்தினார். பிறகு எழுதிய 'டெசொலேஷன் ஏஞ்சல்ஸ்' நாவலில் இதை அவரே விவரிக்கிறார். நாவல் என்ற மறைப்பு இருந்தபடியால் சொல்ல முடிந்தது போலும்.

அடுத்த வருடம் புகழ் வந்தது, அவரால் அதைத் தாங்க முடியவில்லை. குடி கூடியது. தாயோடு வீடு மாறி வீடு மாறிக் கொண்டிருந்தார். 1964இல் அக்கா கரோலின் இறந்தார். 1966இல் செபஸ்தியனின் அக்கா ஸ்டெல்லாவை மணந்தார். போரில் போன நண்பனின் வீட்டு உறவை இருபத்திரண்டு வருடம் கழித்துத் தேடிப் பிடித்த திருமணமாகத்தான் அது எனக்குப் படுகிறது.

ஒரு விடயத்தில் என்னால் அவரை மன்னிக்க முடிவதில்லை. 1952இல் பிறந்த மகள் ஜானை அவர் தன் பிள்ளையென்று ஏற்க மறுத்தார். இருவரும் வாழ்நாளில் சந்தித்தது இரண்டு தடவைதான். பிறக்காத வீரர்களின் சராசரியைத் தசம புள்ளியோடு எழுதி வைத்தவர், பிறந்த மகளைக் கணக்கில் எடுக்கவில்லை. இழந்தவர்கள் எல்லாரும் மென்மையாகிவிடுவதில்லை. அதுவும் எங்களுக்குத் தெரிந்ததுதான்.

இறப்பதற்கு ஓரிரு வருடங்கள் முன்பு வரை கடதாசிகள் மேசையில் இருந்தன. 1969 ஒக்டோபர் 21ஆம் திகதி புளோரிடாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கில், குடியால் வந்த உள் இரத்தப்போக்கில், 47ஆவது வயதில் இறந்தார். உடலை லோவெல்லுக்குக் கொண்டு போய் அடக்கம் செய்தார்கள்.

கடதாசிக் கட்டு, பந்தயப் பத்திரிகைகள், அணிகளின் கணக்குக் கொப்பிகள் எல்லாம் இப்போது நியூயோர்க் பொது நூலகத்தில், அவருடைய நாவல்களின் கையெழுத்துப் பிரதிகளோடு சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன.