அலெக்சாண்டர் கெட்லர்: நஞ்சை அளந்து நீதிக்குத் துணைநின்ற வேதியியலாளர்

அமெரிக்காவில் தடயவியல் நச்சியலின் தந்தை என்று கருதப்படும் அலெக்சாண்டர் கெட்லர் மறைந்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. சந்தேக மரணங்களில் உடலுறுப்புகளைச் சோதித்து நஞ்சைக் கண்டறியும் அரசு ஆய்வகப் பணி அந்நாட்டில் ஒரு தனித்துறையாக வளர அடித்தளமிட்டவர் அவர்.

இன்று தமிழர்கள் உள்ளிட்ட இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ஜெர்சி சிட்டிக்கு எதிரே, ஹட்சன் நதியின் மறுகரையான மன்ஹாட்டனில் இருக்கும் பெல்வியூ மருத்துவமனையில்தான் அவரது ஆய்வகம் இயங்கியது. ஆனால் அவர் ஆராய்ந்த முக்கிய வழக்குகளில் இரண்டு நியூஜெர்சி மாநிலத்தில், ஜெர்சி சிட்டிக்கு மேற்கே உள்ள நுவர்க், ஆரஞ்ச் ஆகிய நகரங்களிலிருந்து வந்தவை.

1883ல் அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்த கெட்லர், சிறுவயதிலேயே குடும்பத்துடன் நியூயார்க்கில் குடியேறினார். 1912ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் நியூயார்க்கில் சந்தேக மரணங்களை விசாரித்த கொரோனர்கள், மருத்துவ அறிவு இல்லாமலேயே அரசியல் செல்வாக்கால் பதவிக்கு வரக்கூடியவர்களாக இருந்தனர். 1918ல் அந்த முறை ஒழிக்கப்பட்டு, மருத்துவரான சார்ல்ஸ் நோரிஸ் தலைமை மருத்துவப் பரிசோதகராகப் பொறுப்பேற்றார். நகரின் நச்சியலாளராக அவர் தேர்ந்தெடுத்தவர் கெட்லர்.

இரத்தம் சொன்ன சாட்சி

1926ஆம் ஆண்டு புரூக்ளினில், ஒரு பெண்ணின் உடலைத் துண்டாக்கி அப்புறப்படுத்த முயன்ற ஃபிராங்க் டிராவியா என்ற துறைமுகத் தொழிலாளி பிடிபட்டார். குடிபோதையில் தாமே அவரைக் கொன்றுவிட்டதாக டிராவியாவும் நம்பியிருந்தார்.

ஆனால் அப்பெண்ணின் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு செறிந்திருப்பதைக் கெட்லர் கண்டறிந்தார். சுவாசிக்கும்போதுதான் இவ்வாயு இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவும், இறந்தவர் சுவாசிப்பதில்லை. எனவே உடல் வெட்டப்படுவதற்கு முன்பே அவர் வாயு கசிந்து மாண்டார் என்பது உறுதியானது. கொலைக் குற்றச்சாட்டிலிருந்து டிராவியா விடுவிக்கப்பட்டார்.

மெத்தனால் மரணங்கள்

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. தொழிற்சாலைகளுக்கான ஆல்கஹாலை எவரும் குடிக்காதிருக்க, அரசின் உத்தரவின் பேரில் அதில் மெத்தனால் கலக்கப்பட்டது. அதுவே திருடப்பட்டுக் கள்ளச் சந்தையில் மதுவாக விற்கப்பட்டபோது பலர் பார்வையிழந்தனர், பலர் மாண்டனர்.

திசுக்களில் மெத்தனாலைப் பிழையின்றிக் கண்டறியும் வழிகளைக் கெட்லர் ஆராய்ந்து வெளியிட்டார். அவரது ஆய்வு முடிவுகளை முன்வைத்தே, அரசு தன் குடிமக்களுக்கே நஞ்சூட்டுகிறது என்று நோரிஸ் வெளிப்படையாகக் கண்டித்தார். நகர அரசின் ஊழியர்கள் மத்திய அரசின் கொள்கையை இவ்வாறு எதிர்த்தது சிறிய விஷயமல்ல.

2024 ஜூனில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டபோதும், காரணத்தை உறுதிசெய்தது இத்தகைய ஆய்வகப் பரிசோதனைதான். இந்தியாவில் இதற்கான முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849லேயே சென்னையில் நிறுவப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆரஞ்ச் நகரின் எலும்புகள்

ஆரஞ்ச் நகரிலிருந்த ஒரு தொழிற்சாலையில் இளம்பெண்கள் கடிகார முகப்புகளில் ரேடியம் கலந்த சாயத்தைத் தீட்டிவந்தனர். தூரிகையின் முனையை உதட்டால் கூராக்கும்படி அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. அவர்களில் ஒருவரான அமீலியா மாஜியா 1922ல் தாடை எலும்பு சிதைந்து உயிரிழந்தபோது, மரணச் சான்றிதழில் பால்வினை நோயே காரணமாகக் குறிக்கப்பட்டது.

1927ல் அவரது உடல் தோண்டியெடுக்கப்பட்டது. ஒளி புகாதவாறு சுற்றப்பட்ட எக்ஸ்ரே படச்சுருள்களின் மீது அவரது எலும்புகளைக் கெட்லர் இருட்டில் வைத்தார். நாட்கள் கழித்துப் பார்த்தபோது எலும்புகளின் கதிர்வீச்சு படச்சுருள்களில் பதிந்திருந்தது. சாதாரண எலும்புகள் வைக்கப்பட்ட சுருள்களில் எதுவும் பதியவில்லை. பால்வினை நோய்க்கான தடயமும் கிடைக்கவில்லை. இறந்த பெண்ணின் மீதான களங்கம் நீங்கியது. நோயுற்ற ஐந்து பெண்கள் தொடர்ந்த வழக்கில், 1928ல் நிறுவனம் இழப்பீட்டுக்கு உடன்பட்டது.

ஒரே பெண், இரு வழக்குகள்

கெட்லரின் பணி எத்தகையது என்பதை மேரி கிரெய்டன் என்ற பெண்ணின் கதை காட்டுகிறது. 1923ல் நுவர்க்கில், மாமியாரை ஆர்சனிக் கொடுத்துக் கொன்றதாக அவர் மீது வழக்கு நடந்தது. எதிர்த்தரப்பின் சார்பில் சாட்சியமளித்த கெட்லர், சடலத்தில் காணப்பட்ட ஆர்சனிக் உயிரைப் பறிக்கும் அளவினது அல்ல என்றார். கிரெய்டன் விடுதலையானார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், லாங் ஐலண்டில் கிரெய்டன் வசித்த அதே வீட்டிலிருந்த மற்றொரு பெண் இறந்தார். அவரது உறுப்புகளைப் பரிசோதித்தவரும் கெட்லரே. இம்முறை உயிரைக் கொல்லும் அளவுக்கு ஆர்சனிக் இருந்தது. 1936ல் கிரெய்டனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

முதல் தீர்ப்பு சரியா தவறா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால் கெட்லர் இரு முறையும் ஒரே அளவுகோலையே பயன்படுத்தினார். ஒருவர் மீது எவ்வளவு சந்தேகம் இருந்தாலும், சோதனை காட்டியதைவிட ஒரு சொல்லும் கூடுதலாகச் சொல்ல நச்சியலாளருக்கு உரிமையில்லை. டிராவியாவின் உயிரைக் காப்பாற்றியதும் அந்தக் கட்டுப்பாடுதான்.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றி 1959ல் ஓய்வுபெற்ற கெட்லர், 1968ல் தமது 84ஆவது வயதில் காலமானார். அவரிடம் பயின்ற மாணவர்கள் பலர் அமெரிக்காவின் பல பகுதிகளில் இத்தகைய ஆய்வகங்களை வழிநடத்தினர்.