கணித மேதை இராமாநுஜனும் கல்விப் பொருளுதவியும்

கல்வியின் சிறப்பைக் கூறும் நூல்கள் நம் தமிழில் மிகப் பல. ஆயின் அக்கல்வியைப் பெறுதற்கு ஆகும் பொருளை யார் கொடுப்பது, எவ்வாறு கொடுப்பது, எதுவரை கொடுப்பது என்று ஆராயும் நூல்கள் மிகச் சிலவே. கலாசாலைகள் திறக்கும் பருவத்தே, மகனுக்கோ மகளுக்கோ இடங்கிடைத்த மகிழ்ச்சியும், கட்டவேண்டிய சம்பளத்தைப் பற்றிய கவலையும் ஒரே வாயில் வழியாக வீட்டினுள் நுழைகின்றன. இப்பருவத்தில் நம் சங்கத்தாரும் அவர்தம் குடும்பத்தாரும் நினைவுகூரத் தக்கதொரு சரிதத்தை இத்திங்கள் எழுத விழைந்தோம். அது கணித மேதை ஸ்ரீநிவாச இராமாநுஜனது சரிதம். அவருடைய கணிதத்தை விளக்குதல் எமது நோக்கமன்று. அஃது எமது ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. அவர் கல்விக்குப் பொருள் எங்கெங்கே கிடைத்தது, எங்கே நின்றது, நின்றபோது என்ன நேர்ந்தது என்பதனையே இங்குக் கூறுவோம்.

இராமாநுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்தார், வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தையார் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதி மாதம் ஏறக்குறைய 20 ரூபாய் பெற்று வந்தார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பஜனைப் பாடல் பாடியும், வெளியூரிலிருந்து வந்து படிக்கும் மாணாக்கர்க்கு வீட்டில் உணவும் இடமும் அளித்தும் அவ்வருவாய்க்குத் துணை செய்தார். 1897ஆம் ஆண்டில் ஆரம்பப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவில் முதன்மையாகத் தேறியமையால், கும்பகோணம் டவுன் உயர்தரப் பாடசாலையில் அவருக்குப் பாதிச் சம்பளம் தள்ளப்பட்டது. வறிய குடும்பத்துப் பிள்ளையை ஆறாண்டுகள் பள்ளியில் நிலைநிறுத்தியது அப்பாதிச் சம்பளச் சலுகையே எனில் மிகையாகாது. 1904ஆம் ஆண்டில் அப்பாடசாலையினின்றும் வெளியேறுங்கால் கணிதத்திற்குரிய இரங்கநாத ராவ் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. கும்பகோணம் அரசாங்கக் கலாசாலையில் சேர்ந்து படிக்க உபகாரச் சம்பளமும் கிடைத்தது. இதுகாறும் பொருளுதவி அவரைத் தேடி வந்ததென்றே கூறலாம்.

கலாசாலையிற் சேர்ந்தபின் நிலைமை மாறிற்று. கணிதம் அவர் உள்ளத்தை முழுவதும் கவர்ந்துகொண்டது. ஏனைய பாடங்களில் கருத்துச் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உபகாரச் சம்பளம் நிறுத்தப்பட்டது. அஃது இன்றேல் தவணை ஒன்றுக்கு 32 ரூபாய் கட்டுதல் வேண்டும். அது தந்தையாரின் ஒன்றரை மாத ஊதியத்திற்கும் மிகுதி. தாயார் கலாசாலைத் தலைவரிடமே நேரிற் சென்று முறையிட்டுப் பார்த்தார், பயனில்லை. தலைவரைக் கொடியவர் என்று யாம் கூறமாட்டோம். எல்லாப் பாடங்களிலும் தேறுவோர்க்கே உபகாரச் சம்பளம் என்பது விதி. அவர் விதியின்படி நடந்தார். ஆயினும் அவ்விதிக்கு, ஒரு பாடத்தில் தவறிய மாணாக்கனையும் உலகிற்கு ஒருவனாகிய மாணாக்கனையும் பிரித்தறியும் கண் இல்லாது போயிற்று.

பதினேழு வயதினராகிய இராமாநுஜன் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் எவர்க்கும் சொல்லாது வீட்டை விட்டு நீங்கி விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். மகனைக் காணவில்லை என்று பெற்றோர் பத்திரிகையில் அறிவிப்புச் செய்யும் நிலை வந்தது. கட்ட வேண்டியிருந்த தொகை 32 ரூபாய். அதனால் விளைந்த துன்பத்திற்கோ அளவில்லை. கல்விப் பொருள் நடுவழியில் நின்றுவிடின், மாணாக்கனது படிப்பு மட்டுமன்று, அவனது மானமும் மனவுறுதியும் உடன் குலைகின்றன என்பதனைப் பெற்றோர் யாவரும் இதனின்றும் அறிதல் வேண்டும்.

அடுத்த ஆண்டு அவர் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையிற் சேர்ந்தார். ஆண்டும் கணிதம் ஒன்றே துணையாயிற்று; நோயும் இடையே வந்துற்றது. 1906ஆம் ஆண்டிலும், மறுமுறை 1907ஆம் ஆண்டிலும் எப்.ஏ. பரீட்சையில் தவறினார். பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை. தாள் வாங்கவும் பொருள் போதாமையால் பெரும்பாலும் கற்பலகையில் எழுதிக் கணக்கிட்டு, கையால் அழித்து, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். 1909ஆம் ஆண்டில் ஜானகி அம்மாளை மணந்தபின் வேலை தேட வேண்டிய கடமையும் வந்து சேர்ந்தது.

இனி அவர் சரிதத்தில் நம் வட்டாரம் புகுகின்றது. 1910ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இராமாநுஜன் கும்பகோணத்தினின்றும் புகைவண்டி ஏறி, விழுப்புரம் சந்திப்பில் இறங்கி, ஆண்டு வேறு வண்டி மாறித் திருக்கோவலூர் சென்றார். திண்டிவனம் வழியே சென்னைக்குச் செல்லும் பாதையும், மேற்கே திருக்கோவலூர், திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் பாதையும் பிரியும் அச்சந்திப்பை நம்மனோர் எத்துணை முறை கடந்திருப்போம்! அவ்விடத்தே, கக்கத்தில் குறிப்பேடும் நெஞ்சில் கவலையுமாக, இருபத்து மூன்று வயதை எட்டும் இளைஞர் ஒருவர் வண்டிக்குக் காத்து நின்றனர் என்பதனை எண்ணுங்கால் எம் உள்ளம் உருகுகின்றது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்ததாகிய திருக்கோவலூர், அக்காலத்தில் விழுப்புரம், திண்டிவனம் ஆகியவற்றோடு தென்னார்க்காடு ஜில்லாவுக்கு உட்பட்டிருந்தது. அது கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய மலையமான் காரியின் ஊர். கபிலர் முதலிய புலவர் பரிசில் கருதி நாடிச் சென்ற ஊர்.

அவ்வூரில் அந்நாளில் டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. இராமஸ்வாமி ஐயர். 1907ஆம் ஆண்டில் இந்தியக் கணித சங்கத்தைத் தோற்றுவித்த பெருமை இவருக்குரியது. இராமாநுஜன் அவரை அடைந்து தம் குறிப்பேட்டைக் காட்டி, அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை அளிக்குமாறு வேண்டினார். இராமஸ்வாமி ஐயர் அதனைப் புரட்டிப் பார்த்து வியந்தார். வேலை கொடுத்திருக்க அவரால் இயலும். கொடுத்திருப்பின் நன்றியும் பெற்றிருப்பார். ஆயினும் இத்தகைய அறிவை வருவாய் இலாகாவின் கடைநிலை எழுத்து வேலையில் அடக்கி அழிக்க அவர் மனம் இசையவில்லை. சென்னையிலுள்ள கணித அறிஞர்பால் அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கேட்டதைக் கொடுப்பது ஒருவகை உதவி. கேட்பவர்க்கு எது தகும் என்று அறிந்து அதற்கு வழிகாட்டுதல் அதனினும் உயர்ந்த உதவி. காரியின் ஊரில் இவ்விரண்டாம் வகை நிகழ்ந்தது நம் பக்கத்தார்க்குப் பெருமை தருவதாகும்.

அவ்வழியே சென்ற இராமாநுஜன், நெல்லூர்க் கலெக்டராகிய இராமச்சந்திர ராவை அடைந்தார். உனக்கு வேண்டுவது யாது என்று அவர் வினவியபோது, ஆராய்ச்சியை நடத்துதற்கு வயிற்றுக் கவலையில்லாத வாழ்வு மட்டும் வேண்டுமென்று இராமாநுஜன் கூறினராம். இராமச்சந்திர ராவ் தம் சொந்தப் பொருளிலிருந்து மாதம் 25 ரூபாய் அளித்துச் சென்னையில் இருக்கச் செய்தார். இப்பொருள் பரீட்சைக்குக் கட்டுப்பட்டதன்று; திருப்பித் தரவேண்டிய கடனும் அன்று. அவ்வுதவி நடந்துவந்த 1911ஆம் ஆண்டிலேயே இராமாநுஜனது முதல் கட்டுரை கணித சங்கத்தின் பத்திரிகையில் வெளிவந்தது. எனினும் நெடுங்காலம் பிறர் பொருளில் வாழ அவர் மனம் ஒருப்படவில்லை. 1912ஆம் ஆண்டு மார்ச்சு 1ஆம் நாள் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார். உதவி பெறுவோர்க்கு இருக்கவேண்டிய நாணம் அவரிடம் இருந்தது. உதவி செய்வோர்க்கு இருக்கவேண்டிய பெருந்தன்மை இராமச்சந்திர ராவிடம் இருந்தது.

1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாளிட்ட மடல் ஒன்றைக் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் கணிதப் பேராசிரியர்க்கு இராமாநுஜன் எழுதியதும், அவர் அதன் அருமையை உணர்ந்து மறுமொழி விடுத்ததும் யாவரும் அறிந்தனவே. அதன்பின் சென்னைச் சர்வகலாசாலை ஒரு சிக்கலை எதிர்கொண்டது. ஆராய்ச்சி மாணாக்கர்க்குரிய உபகாரச் சம்பளம் உயர்பட்டம் பெற்றவர்க்கே என்பது வழக்கம்; இவரோ எப்.ஏ.யிலேயே இருமுறை தவறியவர். கும்பகோணத்தில் நிகழ்ந்தது போன்றே ஈண்டும் விதி குறுக்கே நின்றது. ஆயின் இம்முறை பெரியோர் விதியின் எழுத்தை விடுத்து அதன் நோக்கத்தை நோக்கினர். சர்வகலாசாலை ஏற்பட்டதன் பயன்களுள் ஆராய்ச்சியை வளர்த்தலும் ஒன்று என்பதனைக் கருதி, மாதம் 75 ரூபாய் வீதம் ஈராண்டுகட்கு வழங்கினர். மூன்று மாதத்திற்கு ஒருமுறை ஆராய்ச்சி அறிக்கை அனுப்புதல் ஒன்றே கட்டுப்பாடு. 1913ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் முதல் அவர் எழுத்தர் வேலையினின்றும் விடுபட்டு, முழுநேரமும் கணிதத்திற்கே உரியரானார்.

மறு ஆண்டில் அவர் இங்கிலாந்து செல்லுதற்குச் சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுனும், கப்பற் செலவும் உடைச் செலவும் அளித்தது. 1914ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் சென்னையில் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் டிரினிடி கலாசாலை ஆண்டுக்கு 60 பவுன் உதவியது. அவ்வருவாயில் 50 பவுன் பெற்றோரின் வாழ்க்கைக்கென இந்தியாவில் ஒதுக்கப்பட்டது. கலாசாலைக்கு ஒரு பிள்ளையை அனுப்பும் வறிய குடும்பம், அப்பிள்ளையின் கல்விச் செலவை மட்டுமன்றி, அவன் ஈட்டி வரக்கூடிய ஊதியத்தையும் இழந்து நிற்கின்றது. அதனையும் எண்ணிச் செய்யப்பட்டதே இவ்வொதுக்கீடு. 1916ஆம் ஆண்டில் ஆராய்ச்சியின் பொருட்டு அவருக்குப் பி.ஏ. பட்டம் வழங்கப்பெற்றது. 1918ஆம் ஆண்டில் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், அதே ஆண்டு அக்டோபரில் டிரினிடியின் உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 32 ரூபாய்க்கு வழியின்றி ஊரைவிட்டு ஓடிய இளைஞர், பதின்மூன்று ஆண்டுகளில் அடைந்த நிலை இது.

இனி யாம் கூறப்போவதே இச்சரிதத்தின் முடிமணி. சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு ஐந்தாண்டுகட்கு ஆண்டுதோறும் 250 பவுன் அளிக்க இசைந்தது. அவர் அப்போது இங்கிலாந்தில் கொடிய நோயுற்றிருந்தார். 1919ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் சர்வகலாசாலைப் பதிவாளர்க்கு ஒரு மடல் வரைந்தார். தொகை தமது தேவைக்கு மிகுதியென்றும், பெற்றோர்க்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் இன்றியமையாச் செலவும் போக எஞ்சியதைக் கல்வித் தருமத்திற்குச் செலவிட வேண்டுமென்றும் அதிற் குறித்தார். ஏழைப் பிள்ளைகட்கும் தாய்தந்தையற்றோர்க்கும் பள்ளிச் சம்பளத்தைக் குறைத்தலும், பள்ளிகட்குப் புத்தகம் வழங்குதலுமே அவர் சுட்டிய தருமங்கள். நோய்ப்படுக்கையிலும் அவர் நினைவிற்கு வந்தது பள்ளிச் சம்பளம். அம்மடல் எழுதிய பதினைந்து திங்களில், 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், சென்னைச் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டு வயதில் அவர் காலமானார்.

அன்பர்களே, அவர் காலத்தோடு ஒப்பிடின் இன்று வழிகள் பல திறந்துள்ளன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. அரசு பள்ளிகளில் பயின்று உயர்கல்வி செல்லும் பெண்மக்களுக்கு மாதம் 1000 ரூபாய் அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022ஆம் ஆண்டிலும், ஆண்மக்களுக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்றன. வங்கிகளின் கல்விக் கடன் வகையில் 4 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழியும் வரை தவணை கட்ட வேண்டுவதில்லை. ஆயினும் அக்காலத்தும் வட்டி ஏறும் என்பதனைப் பெற்றோர் மறத்தல் ஆகாது. கடன் பெறுமுன் வட்டியையும், படிப்பிற்குப்பின் வரக்கூடிய ஊதியத்தையும் பிள்ளைகளோடு உடனிருந்து கணக்கிடுக.

இவையெல்லாம் இருந்தும் நம் சங்கத்துக் கல்வி நிதி போன்றவற்றிற்கு வேலை குறையவில்லை. அரசின் உதவியும் வங்கியின் கடனும் விதிப்படி நடப்பன. விதிக்கு அகப்படாத மாணாக்கர் என்றும் சிலர் இருப்பர். முதன்மதிப்பெண் பெற்றவர்க்கு ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்துப் பரிசளித்தல் நன்றே. ஆனால் முதலாண்டில் தேறி இரண்டாமாண்டில் ஒரு பாடத்தில் தவறி, சம்பளம் கட்ட வழியின்றி, ஊருக்குத் திரும்பும் வண்டியை எதிர்நோக்கி விழுப்புரம் சந்திப்பில் நிற்கும் பிள்ளையை யார் காண்பார்? அவனைக் காணும் கண் சங்கத்திற்கு இருத்தல் வேண்டும். ஆதலின் நம் நிதியில் ஒரு பகுதியை, இடையில் தடைப்பட்ட படிப்பைத் தொடர்தற்கென்றே ஒதுக்கி வைத்தல் தகும் என்பது எமது கருத்து. பொதுக்குழுவினர் இதனை ஆராய்வாராக.

உதவி பெற்று உயர்ந்தோரும் இராமாநுஜனது மடலை நினைத்தல் வேண்டும். அவர் பெற்ற உதவியை எவரும் திருப்பிக் கேட்கவில்லை. ஆயினும் தமக்குப் பின் வரும் ஏழைப் பிள்ளைக்குத் திருப்பித் தர அவர் விரும்பினார். முதல் ஊதியம் பெறும் நம் இளைஞர் ஒவ்வொருவரும், தம்மாலியன்ற சிறு தொகையை ஒரு மாணாக்கனது சம்பளத்திற்கென ஈவாராயின், அப்பெரியாரின் கடைசி விருப்பம் நம் ஊர்களில் நிறைவேறியதாகும்.