ஸ்டாண்ட்பை பைலட் தேவய்யா: 23 ஆண்டுகள் கழித்து கிடைத்த நியாயம்

தருமபுரி மாவட்டம் ஒகேனக்கல்லில் பரிசல் ஏறியவங்களுக்கு காவிரியோட வேகம் தெரியும். அந்தத் தண்ணீர் புறப்படுகிற இடம் கர்நாடகத்தின் குடகு மலை. காபித் தோட்டம், மழை, ஹோம்ஸ்டே என்று நாம் வார விடுமுறைக்குப் போய்வருகிற அந்தச் சின்ன மாவட்டத்துக்கு இன்னொரு பெயரும் உண்டு. வீட்டுக்கு ஒருத்தராவது ராணுவத்தில் இருப்பாங்கன்னு சொல்ற அளவுக்கு அது சிப்பாய்களின் ஊர். ஃபீல்டு மார்ஷல் கரியப்பா, ஜெனரல் திம்மையா இருவரும் குடகுக்காரர்கள்தான்.

அதே குடகைச் சேர்ந்தவர்தான் அஜ்ஜமாடா போபய்யா தேவய்யா. 2025 ஜனவரியில் வெளியான 'ஸ்கை ஃபோர்ஸ்' இந்திப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையின் சாயல் தெரிந்திருக்கும். படத்தில் பெயர்களை மாற்றியிருந்தார்கள். நிஜத்தில் நடந்தது என்ன?

யார் இந்த தேவய்யா?

1932 டிசம்பர் 24-ல் பிறந்தவர். 1954-ல் விமானப்படையில் பைலட்டாகச் சேர்ந்தார். சக வீரர்கள் அவரை 'டப்பி' என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். சில ஆண்டுகளிலேயே, மற்றவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பயிற்றுநராக ஆனார்.

1965-ல் அவருக்கு 32 வயது. ஸ்குவாட்ரன் லீடர் பதவி. மனைவி சுந்தரி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள் என்று அளவான குடும்பம். பாகிஸ்தானுடன் போர் வந்தபோது, பஞ்சாபின் ஆதம்பூர் விமான தளத்தில் இருந்த 1-ஆம் எண் ஸ்குவாட்ரனில் இருந்தார். 'டைகர்ஸ்' என்பது அதன் பெயர்.

செப்டம்பர் 7 காலையில் என்ன நடந்தது?

செப்டம்பர் 6 மாலை பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட் தளத்தைத் தாக்கின. தரையில் நின்றிருந்த இந்திய விமானங்கள் பல எரிந்துபோயின. அதற்குப் பதிலடி கொடுக்க முடிவானது. இலக்கு சர்கோதா. பாகிஸ்தான் விமானப்படையின் மிக முக்கியமான தளம் அது. ஆதம்பூரிலிருந்து சுமார் 300 கி.மீ. தூரம்.

விங் கமாண்டர் ஓ.பி.தனேஜா தலைமையில் 12 மிஸ்டீர் விமானங்கள் போக வேண்டும் என்பது திட்டம். கூடவே 2 விமானங்கள் ஸ்டாண்ட்பை. அதாவது, அந்த 12-ல் ஏதாவது ஒன்று கோளாறாகி நின்றால்தான் இவர்களுக்கு வேலை. இல்லையென்றால் தளத்திலேயே இருக்க வேண்டியதுதான். தேவய்யாவின் பெயர் அந்த ஸ்டாண்ட்பை பட்டியலில்தான் இருந்தது.

பொழுது விடியும் முன்பே விமானங்கள் கிளம்பின. ஒரு விமானத்தால் தொடர முடியவில்லை. அந்த இடத்துக்குப் போனவர் தேவய்யா.

ரேடாரில் சிக்காமல் இருக்க, தரையை ஒட்டியே பறந்து போனார்கள். தாக்குதல் முடிந்து எல்லோரும் ஊர் திரும்பும் நேரத்தில், கடைசியாக வந்துகொண்டிருந்த தேவய்யாவை பாகிஸ்தானின் எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் ஒன்று துரத்தியது. அதை ஓட்டியவர் ஃபிளைட் லெப்டினன்ட் அம்ஜத் ஹுசைன்.

இது சமமான சண்டையா?

இல்லவே இல்லை. ஸ்டார்ஃபைட்டர் அமெரிக்கத் தயாரிப்பு. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் பறக்கும். அதில் சைட்விண்டர் ஏவுகணை இருந்தது. தேவய்யாவின் மிஸ்டீர், பிரான்சில் தயாரான பழைய தலைமுறை விமானம். நேராகப் பறக்கும்போது ஒலியின் வேகத்தைக்கூடத் தொடாது. கையில் இருந்தது பீரங்கித் துப்பாக்கி மட்டும். திரும்பிப் போவதற்கான எரிபொருளும் கணக்காகத்தான் இருந்தது.

அம்ஜத் முதலில் ஏவுகணையை ஏவினார். அது குறி தவறியது. அடுத்து துப்பாக்கியால் சுட்டார். குண்டுகள் மிஸ்டீர் மீது பட்டன. கதை முடிந்தது என்று நினைத்து, முன்னால் போய்க்கொண்டிருந்த மற்ற இந்திய விமானங்களைத் தேடிக் கிளம்பினார்.

ஆனால் தேவய்யா விழவில்லை. அடிபட்ட விமானத்தை வைத்துக்கொண்டே ஸ்டார்ஃபைட்டரை எதிர்த்தார். வேகத்தில் அதை முந்த முடியாது. ஆனால் தாழ்வாக, வளைந்து வளைந்து நடக்கும் சண்டையில் மிஸ்டீர் சட்டென்று திரும்பும். அந்த ஒரு வசதி போதுமானதாக இருந்தது. அவர் சுட்டதில் ஸ்டார்ஃபைட்டர் கட்டுப்பாட்டை இழந்தது. அம்ஜத் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார்.

தேவய்யா தப்பவில்லை. அவருடைய விமானமும் பாகிஸ்தான் மண்ணிலேயே விழுந்தது.

இந்தியாவுக்கு ஏன் தெரியவில்லை?

சண்டையைப் பார்த்த இந்தியர் ஒருவர்கூட இல்லை. மற்ற விமானங்கள் முன்னால் போய்விட்டன. பொதுவாக, வான் சண்டையில் எதிரி விமானம் வீழ்ந்ததை உறுதிசெய்ய இரண்டு வழிகள்தான். ஒன்று, கூடப் பறந்தவர் சாட்சி சொல்ல வேண்டும். இல்லையென்றால் விமானத்தின் துப்பாக்கியோடு இணைந்த கேமரா பதிவு வேண்டும். சாட்சி இல்லை, விமானமே திரும்பி வரவில்லை, கேமராவுக்கு எங்கே போவது?

அதனால் ஆதம்பூர் பதிவேட்டில் அவர் வெறும் 'காணாமல் போனவர்' ஆனார். எப்படிப் போனார், என்ன செய்தார், உயிரோடு இருக்கிறாரா என்ற எதற்கும் விடை இல்லை.

இந்த ஒரு வார்த்தை குடும்பத்தை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இறந்தார் என்றால் அழுது தீர்த்துவிடலாம், காரியம் செய்யலாம். கைதி என்றால் எப்போது வருவார் என்று காத்திருக்கலாம். காணோம் என்றால் இரண்டும் முடியாது. சுந்தரியும் இரண்டு பெண் குழந்தைகளும் அந்த வார்த்தையோடுதான் வாழ வேண்டியிருந்தது.

அதே போரில், அதே குடகைச் சேர்ந்த இன்னொரு பைலட்டுக்கு நடந்ததைப் பார்த்தால் இந்த வித்தியாசம் புரியும். ஃபீல்டு மார்ஷல் கரியப்பாவின் மகன் கே.சி.கரியப்பாவும் விமானப்படை பைலட். போரின் கடைசி நாளான செப்டம்பர் 22-ல் அவருடைய ஹண்டர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, போர்க்கைதி ஆனார். அப்பாவின் பழைய ராணுவ நண்பரான பாகிஸ்தான் அதிபர் அயூப் கான் சலுகை காட்ட முன்வந்தார். மற்ற கைதிகளைப் போலவே என் மகனையும் நடத்துங்கள் என்று கரியப்பா மறுத்துவிட்டார். மகன் பிறகு பத்திரமாக நாடு திரும்பினார். ஒரு வீட்டுக்குச் செய்தி வந்தது, மகனும் வந்தார். தேவய்யா வீட்டுக்கு இரண்டுமே வரவில்லை.

உண்மை எப்படி வெளியே வந்தது?

அதுதான் இந்தக் கதையின் பெரிய திருப்பம். சாட்சி எதிர்த்தரப்பிலிருந்தே கிடைத்தது.

1965 வான் போரை பாகிஸ்தான் தரப்புத் தகவல்களின் அடிப்படையில் விரிவாக எழுதினார் பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜான் ஃப்ரிக்கர். அந்தப் புத்தகம் 1979-ல் வெளியானது. அதில், செப்டம்பர் 7-ல் சர்கோதா பக்கம் ஒரு ஸ்டார்ஃபைட்டர் மிஸ்டீருடன் நடந்த சண்டையில் வீழ்ந்த விவரம் இருந்தது. சரி, அந்த மிஸ்டீர் யாருடையது? அன்று அதிகாலைத் தாக்குதலுக்குப் போன டைகர்ஸ் விமானங்களில் திரும்பி வராதது ஒன்றே ஒன்றுதான். தேவய்யாவின் விமானம்.

கணக்கு பொருந்தியது. ஆனாலும் அரசு உடனே அசையவில்லை. அன்று தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய தனேஜா இந்த விவரம் தெரிந்ததும் சும்மா இருக்கவில்லை. தன் பழைய தோழருக்கு உரிய மரியாதை கிடைக்க வேண்டும் என்று அரசுக்கு எழுதினார். 1988-ல் தேவய்யாவுக்கு மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. பரம்வீர் சக்ராவுக்கு அடுத்தபடியான, போர்க்கால வீரத்துக்கான இரண்டாவது உயரிய விருது அது. இறந்த பிறகு மகாவீர் சக்ரா பெற்ற ஒரே விமானப்படை அதிகாரி அவர்தான் என்று சொல்லப்படுகிறது.

இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு. தேவய்யாவின் கடைசி நிமிடங்களை நேரில் பார்த்த அம்ஜத் ஹுசைன், 1971 போரில் அமிர்தசரஸ் பகுதியில் மீண்டும் சுட்டு வீழ்த்தப்பட்டு, இந்தியாவிடமே போர்க்கைதியாக இருந்தார். 23 ஆண்டுகள் கிடைக்காத பதில், நடுவில் சில காலம் நம் காவலிலேயே இருந்திருக்கிறது.

தாமதமான பதக்கத்தால் என்ன பயன்?

விருதை வாங்கியவர் சுந்தரி. அப்பாவைத் தொலைத்தபோது சிறுமிகளாக இருந்த மகள்கள் அதற்குள் வளர்ந்துவிட்டார்கள். பதக்கம் அந்த 23 வருஷத்தைத் திருப்பித் தராது. ஆனால் ஒரு வார்த்தையை மாற்றியது. 'காணாமல் போனவர்' என்று இருந்த இடத்தில், அடிபட்ட பிறகும் எதிர்த்து நின்று, தன்னைவிட வலிமையான விமானத்தை வீழ்த்தியவர் என்று எழுத முடிந்தது. அப்பாவுக்கு என்ன ஆச்சு என்ற கேள்விக்கு அந்த வீட்டில் முதல்முறையாக ஒரு பதில் கிடைத்தது.

இன்று குடகின் மடிக்கேரியில் அவர் பெயரில் ஒரு சந்திப்பும் சிலையும் இருக்கின்றன. அவர் உடல் மட்டும் கடைசிவரை ஊர் வந்து சேரவில்லை. அடுத்த முறை குடகுக்கு டூர் போனால், அந்தச் சிலை முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு வாருங்கள்.