வால் முறிந்த விமானமும் சார்ள்ஸ் ரோல்ஸும்

ரோல்ஸ் ரொய்ஸ் என்றதும் செல்வந்தரின் மோட்டார் வாகனமே நம்மவர் நினைவுக்கு வருகின்றது. அந்தப் பெயரின் முதற் பாதிக்கு உரியவர், தமது முப்பத்திரண்டாவது வயதில் சிறிய விமானமொன்றுடன் வீழ்ந்து மாண்டார் என்பதை அறிந்தோர் எம்மிடையே சிலரே எனலாம்.

சார்ள்ஸ் ஸ்டுவர்ட் ரோல்ஸ் 1877 ஆகஸ்ட் 27ஆம் திகதி லண்டனில் பிறந்தார். தந்தை வேல்ஸ் எல்லையிலுள்ள மொன்மத் பகுதியின் பெரு நிலக்கிழார். பின்னாளில் லாங்காட்டக் பிரபு. பிரபு வீட்டுப் பிள்ளையாயினும் எண்ணெயும் அழுக்கும் படிந்த கைகளுடன் இயந்திரங்களோடு மல்லுக்கட்டுவதிலேயே ரோல்ஸ் இன்பங் கண்டார். கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்ற அவர், மாணவராயிருக்கையிலேயே 1896இல் பாரிஸுக்குச் சென்று பெஜோ வாகனமொன்றை வாங்கி வந்தார். 1903இல் தந்தை வழங்கிய 6,600 பவுணை முதலாக வைத்து லண்டனில் வாகன விற்பனை நிலையத்தை ஆரம்பித்தார். மறு ஆண்டு மே மாதத்தில் மன்செஸ்டர் ஹோட்டலொன்றில் ஹென்றி ரொய்ஸைச் சந்தித்தார். ரொய்ஸோ வறுமையிலிருந்து கைத்திறனால் உயர்ந்தவர். இருவரின் பெயரையும் தாங்கிய கம்பனி 1906இல் உருவானது.

ஆனால் ரோல்ஸின் மனம் வெகு முன்பே தரையை விட்டு எழுந்திருந்தது. 1901இல் பிராங்க் ஹெட்ஜஸ் பட்லர், அவரது மகள் வேரா ஆகியோருடன் பலூனில் பறந்த வேளையில்தான் பறத்தலுக்கெனக் கழகமொன்று வேண்டுமென்ற எண்ணம் பிறந்தது. அவ்வாறு தோன்றிய ஏரோ கழகம் 1910இல் 'ராயல்' என்ற அடைமொழியைப் பெற்றது. நூற்றெழுபதுக்கும் அதிகமான தடவைகள் பலூனில் ஏறிய ரோல்ஸ், 1908இல் பிரான்ஸில் வில்பர் ரைட்டுடன் பறந்த பின்னர் விமானத்தையன்றி வேறெதையும் நினைத்தாரில்லை. ரைட் விமானங்களைத் தமது கம்பனி தயாரிக்க வேண்டுமென அவர் விரும்பினார்; பணிப்பாளர் சபை மறுத்துவிட்டது. 1910 ஏப்ரலில் தொழில்நுட்ப முகாமைத்துவப் பணிப்பாளர் பதவியிலிருந்து விலகினார். வாகன விற்பனை பெருகிக் கொண்டிருந்த வேளையில் சபை காட்டிய தயக்கத்தை நாம் குறைகூற முடியாது. எனினும் அந்த முடிவு அவரைத் தொழிற்சாலையிலிருந்து மேலும் விலக்கித் திடல்களிலும் பரிசுப் போட்டிகளிலும் கொண்டுபோய் விட்டது.

அக்காலத்தில் விமானமோட்டிகளுக்குச் சான்றிதழ் வழங்கியது கழகமே. 1910 மார்ச்சில் வழங்கப்பட்ட இரண்டாம் இலக்கச் சான்றிதழ் ரோல்ஸுடையது. அவ்வாண்டு ஜூன் 2ஆம் திகதி டோவரிலிருந்து புறப்பட்டு, ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸ் கரையைத் தொட்டு, எங்கும் இறங்காமல் 95 நிமிடங்களில் திரும்பி வந்தார். முதல் வருடம் பிளெரியோ ஒரு தடவை கடந்ததை, இவர் ஒரே மூச்சில் இரு தடவை கடந்தார். நாடே கொண்டாடியது.

அதற்குப் பின் அவர் வாழ்ந்தது நாற்பது நாட்களே. போர்ன்மவுத் நகரின் நூற்றாண்டு விழாவையொட்டி விமானக் கண்காட்சி நடைபெற்றது. ஜூலை 12ஆம் திகதி, குறித்த அடையாளத்துக்கு மிக அண்மையில் இறங்கும் போட்டி. ரைட் விமானத்தில் மேலும் கீழும் செலுத்தும் தட்டு முன்புறத்தே இருந்தது. நிலைத்தன்மைக்காக ரோல்ஸின் விமானத்துக்குப் பின்புறம் புதிதாக வால் தட்டொன்று பொருத்தப்பட்டிருந்தது. இறங்கும் வேளையில் அவ்வால் பகுதி முறிந்தது. பார்வையாளர் கண்முன்னே விமானம் தலைகுப்புற வீழ்ந்தது. பெரிய உயரமன்று; ஆயினும் உயிர் பிழைக்கவில்லை. இயந்திர விமான விபத்தில் இறந்த முதற் பிரித்தானியர் அவரே.

இங்கு எமது கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு. ஓட்டுபவரின் திறமையைக் கழகம் பரீட்சித்தது. புதிதாகப் பொருத்திய வால் அழுத்தத்தைத் தாங்குமா என்று பரீட்சிக்கச் சட்டமும் இருக்கவில்லை, அதிகாரியும் இருக்கவில்லை. இருநூறுக்கும் அதிகமான தடவைகள் விமானத்தில் பறந்த அனுபவசாலிக்கும் அந்த வெற்றிடமே எமனாயிற்று. விபத்துகளை ஆராயும் குழுவொன்றை ராயல் ஏரோ கழகம் ஏற்படுத்தியது 1912இல்தான்.

விமானத்தை வேண்டாமென்ற கம்பனியோ முதலாம் உலகப் போரின்போது விமான இயந்திரம் செய்யத் தொடங்கியது. 1919இல் அட்லாண்டிக்கை இடைநில்லாது கடந்த விமானத்தில் இயங்கியவை ரொய்ஸின் 'ஈகிள்' இயந்திரங்களே. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பு மீது ஜப்பானியர் குண்டு வீசியபோது எதிர்த்தெழுந்த ஹரிகேன் விமானங்களிலும் அக்கம்பனியின் 'மேர்லின்' இயந்திரமே முழங்கியது.

ரோல்ஸின் குடும்பமும் நீடிக்கவில்லை. தந்தை 1912இல் மறைந்தார். சகோதரர் இருவரும் 1916இல் மாண்டனர். பிரபுப் பட்டமும் அத்துடன் அற்றுப் போனது. கால்வாய்ப் பறப்பைப் பாராட்டி மொன்மத் நகரச் சதுக்கத்தில் சிலையெழுப்பும் ஏற்பாடு அவர் உயிருடன் இருந்தபோதே தொடங்கியிருந்தது. 1911இல் அது திறக்கப்பட்டபோது நினைவுச் சின்னமாகியிருந்தது. கையிலுள்ள சிறிய மாதிரி விமானத்தை உற்று நோக்கியபடி அவர் அங்கு நிற்கின்றார்.